மாரிக்கு முன்னே பேசி முடிக்க வேண்டியவை: பிரதேச சபையும் பொதுச் சுகாதார அவசர ஆயத்தமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், ஒரு கிராமத்தில் வெள்ளம் வடிந்து பத்து நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். நிவாரணப் பொதி கொடுத்த படங்களும் வெளிவந்துவிட்டன. அனர்த்தம் முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விடுகிற அந்த வாரத்தில்தான் வயலுக்கு இறங்கிய ஒருவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் தொடங்கும். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அடுத்த வாரங்களில் டெங்கு வரும். தண்ணீர் வந்த நாளில் ஓடித் திரிந்த உழவு இயந்திரங்களும் ஆட்களும் அப்போது அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

பொதுச் சுகாதார அவசரநிலை என்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு பிரதேசத்து மக்களின் உடல்நலத்துக்குக் குறுகிய காலத்தில் வருகிற, வைத்தியசாலையும் சபையும் நாளாந்தம் செய்கிற வேலையால் மட்டும் சமாளிக்க முடியாத ஆபத்து. வெள்ளமும் சூறாவளியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. கோயில் அன்னதானத்திலோ கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலோ நூறு பேருக்கு ஒரே இரவில் வயிற்றோட்டம் எடுத்தாலும் அதுதான். குடிநீர்க் குழாயில் அழுக்கு கலந்தாலும், கொரோனா போன்ற புதுத் தொற்று வந்தாலும் அதுதான். ஆயத்தம் என்பது அது வருவதற்கு முன் செய்து வைக்கிற வேலை. அந்த வேலையில் மருந்து வாங்கி அடுக்குவது சிறிய பங்கு. யார் எதைச் செய்வது, அவர் இல்லாவிட்டால் யார், எந்தப் பணத்தில், யாருடைய கையெழுத்தில் என்பதைத் தீர்த்து வைப்பதே பெரிய பங்கு.

இதில் பிரதேச சபைக்கு என்ன வேலை, அது சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பல்லவா என்று புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிர்வகிக்கும் பொறுப்பைச் சபையிடம்தான் கொடுக்கிறது. பொதுச் சுகாதாரமே அந்த வரிசையில் முதலில் நிற்கிறது. நடைமுறையில் அது குப்பை அள்ளுவது, சந்தை, மயானம் என்று சுருங்கிப் போயிருக்கிறது. ஆனால் அவசரநேரத்தில் தேவைப்படுவதும் அந்தக் குப்பை உழவு இயந்திரமும், மண் அள்ளும் பெக்கோவும், தண்ணீர்த் தாங்கி வண்டியான பவுசரும், தொழிலாளர்களும்தான். அவை சபையின் கையில் இருக்கின்றன.

மூன்று ஏணிகள்

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நமது மாவட்டங்களில் ஒருங்கிணைப்பு ஏன் சிக்குகிறது என்று விளங்க, யார் யாருக்குக் கீழே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

முதல் ஏணி சுகாதாரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்பவரும், கிராமத்து மருத்துவமாதுவும் எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கீழே. அவருக்கு மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதற்கும் மேலே மாகாணப் பணிப்பாளர். இரண்டாவது ஏணி கிராம உத்தியோகத்தரில் தொடங்கிப் பிரதேச செயலாளர், அரசாங்க அதிபர் என்று கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவும் கச்சேரியோடுதான் இயங்குகிறது. மூன்றாவது ஏணி சபையுடையது: சபையின் தலைவரான தவிசாளர், செயலாளர், உள்ளூராட்சி உதவி ஆணையாளர், மாகாண உள்ளூராட்சித் திணைக்களம்.

மூன்றும் ஒரே கிராமத்தில் கால் ஊன்றி நிற்கின்றன. மேலே போகப் போக ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எந்தக் கிணறு கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தவர் முதல் ஏணியில், எந்த வீட்டில் எத்தனை பேர் என்ற பட்டியல் இரண்டாவதில், தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் மூன்றாவதில். மேலிடத்திலிருந்து கடிதம் வந்து இறங்கும்வரை காத்திருந்தால் ஒரு பவுசர் தண்ணீருக்கு இரண்டு நாள் போய்விடும். ஆகவே, ஒருங்கிணைப்பு கீழேதான் நடக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு தவிசாளர், ஒரு பிரதேச செயலாளர், ஒரு எம்.ஓ.எச். மூவரும் புரட்டாதி மாதத்தில் ஒரு மேசையில் இருந்து முடிவெடுத்தால், கார்த்திகையில் தொலைபேசியில் ஒரு சொல் போதும்.

அம்பாறையில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாவட்டம் ஒன்றுதான், சுகாதாரப் பிராந்தியம் இரண்டு. கரையோரத்தின் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை போன்ற இடங்கள் சுகாதாரத்துக்குக் கல்முனைப் பணிமனையைப் பார்க்க வேண்டும். அனர்த்தத்துக்கு அம்பாறைக் கச்சேரியைப் பார்க்க வேண்டும். கரையோரத் தவிசாளர் ஒருவருக்கு இரண்டு திசையிலும் அழைக்க ஆட்கள் தேவை. மட்டக்களப்பார் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள்.

அதற்காக ஒருங்கிணைப்பு நமக்குத் தெரியாத வித்தை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் நடக்கும் தீர்த்தத் திருவிழாவைப் பாருங்கள். தற்காலிகக் கழிப்பறை, குடிநீர், முதலுதவி, சாப்பாட்டுக் கடைகளில் பி.எச்.ஐ. பரிசோதனை, போக்குவரத்துக்குப் பொலிஸ், குப்பைக்கு மாநகர சபை, இவ்வளவும் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் சபையோடு கூடிப் பேசித்தான் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. திகதி முன்கூட்டியே தெரியும் என்பதுதான் திருவிழாவின் வசதி. மாரியும் ஏறத்தாழத் திகதி சொல்லித்தானே வருகிறது!

நோய்கள் வரும் வரிசை

2010 இறுதியிலும் 2011 ஜனவரியிலும் பெய்த மழையில் நாடளாவி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது மட்டக்களப்பு. அப்படியான வெள்ளத்துக்குப் பிறகு நோய்கள் எல்லாம் ஒன்றாக வருவதில்லை. அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் சபையின் ஆட்களையும் வாகனத்தையும் எந்த வாரம் எங்கே அனுப்புவது என்பது தானாகவே தெளியும்.

முதல் நாட்களில் காயங்கள், நீரில் மூழ்குதல், மேட்டு நிலம் தேடி வரும் பாம்புகளின் கடி. அதே வாரத்தில் கிணறும் மலக்குழியும் ஒன்றாகக் கலந்த இடங்களில் வயிற்றோட்டம். எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் வெளிப்படும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பரவிச் சில உயிர்களைக் கொண்டுபோனது அந்தக் காய்ச்சல்தான். டெங்கு இன்னும் பிந்தும். பெருகியோடும் வெள்ளம் நுளம்பு முட்டைகளை அடித்துக்கொண்டு போகும். வடிந்த பிறகு தகரப் பேணியிலும் சிரட்டையிலும் இளநீர்க் கோம்பையிலும் தேங்கி நிற்கும் தண்ணீரில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். அது நோயாளி ஒருவரைக் கடித்து, வேறொருவருக்குக் கிருமியைக் கொடுத்து, அவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நாளாகும். இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை ஓடிய பிறகுதான் வைத்தியசாலை நிரம்பும். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோது, நிரம்பிய கட்டில்களைப் பார்த்துவிட்டுத்தான் பல இடங்களில் குப்பை அள்ளத் தொடங்கினார்கள்.

சபைக்கு இதன் அர்த்தம் என்ன? வெள்ளம் வடிந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் குப்பை உழவு இயந்திரங்கள் வழமையைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வாரங்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். புகை அடிப்பதைச் சனம் விரும்பும், கண்ணுக்குத் தெரிகிற வேலை அது. ஆனால் புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், பேணிக்குள் நெளிகிற குடம்பியை ஒன்றும் செய்யாது. நுளம்புப் பெருக்கத்துக்கு இடம் வைத்திருப்பவர் மீது வழக்குத் தொடர 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் தண்டம் கேட்கும் முன் சபை தன் வடிகானையும் தன் களஞ்சிய முற்றத்தில் கிடக்கும் பழைய டயர்களையும் பார்த்துக்கொள்வது மரியாதை.

எலிக்காய்ச்சலுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஆபத்தான வயல்களில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் வில்லையை வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் என்ற அளவில் தடுப்பாகக் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் உண்டு. எம்.ஓ.எச். பணிமனையும் பி.எச்.ஐ.யும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் வேறு சிலருக்கும் பொருந்தாது என்பதால் தானாக வாங்கிக் குடிக்கக் கூடாது. சிக்கல் வில்லையில் இல்லை, ஆளைப் பிடிப்பதில்தான். விவசாயிகளை ஒரே இடத்தில் காண்கிற நாள், மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டம். எந்த வட்டையில், அதாவது எந்த வயற்பரப்பில், யார் செய்கிறார் என்பது அதைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானைக்கு மனப்பாடம். அந்தக் கூட்டத்தில் பி.எச்.ஐ.க்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தரச் சொல்லிப் பிரதேச செயலாளரிடம் கேட்க ஒரு சதமும் செலவில்லை.

ஏற்கெனவே இருக்கிற பட்டியல்கள்

ஆயத்தத் திட்டம் என்றதும் புதிய கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்குவது நமது பழக்கம். பாதிப் பட்டியல்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. மருத்துவமாதுவின் பதிவேட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிரசவத் திகதி இருக்கிறது. வெள்ளம் வந்தால் வவுணதீவுப் பக்கமோ மண்டூர்ப் பக்கமோ வீதி மூடப்பட்டு, படகுப் பாதையும் நிற்கலாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பிரசவம் உள்ள தாய்மாரை மழைக்கு முன்பே வாவிக்கு மறுபக்கம், கடலோரமான எழுவான்கரையில் உறவினர் வீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ மாற்றுவதற்கு அந்தப் பதிவேடு போதும். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் யார் என்று கிராம உத்தியோகத்தரும் மருத்துவமாதுவும் சேர்ந்து இருந்தால் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம். அந்த நாள் வாகனம் எங்கிருந்து வரும் என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும். இது தனிப்பட்டவர்களின் நோய் விபரம் என்பதால் பட்டியல் வட்ஸ்அப் குழுவில் சுற்றக் கூடாது. வாகனம் ஓட்டுபவருக்கு வீட்டு முகவரி தெரிந்தால் போதும், நோயின் பெயர் வேண்டாம்.

முகாம்களையும் இப்படி முன்கூட்டியே எண்ணிப் பார்க்கலாம். மனிதாபிமான உதவியில் உலகெங்கும் பயன்படுத்துகிற ஸ்ஃபியர் தராதரப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஒரு பாடசாலையில் 400 பேர் தங்கினால் ஒரு நாளுக்கு 6,000 லீற்றர், கழிப்பறை குறைந்தது எட்டு. நீடித்துத் தங்கினால் இருபது. இப்போது உங்கள் ஊர்ப் பாடசாலைக் கழிப்பறைகளை எண்ணிப் பாருங்கள். அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, பெண்கள் போய்வரப் பயமில்லாத இடமா என்பதும் கணக்கில் சேரும். வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் முகத்துவாரம் வெட்ட யாரைக் கேட்பது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்று வாதாடியே பழகியவர்கள் நாம். முகாமின் மலக்குழி நிரம்பினால் எந்தச் சபையின் பவுசரைக் கூப்பிடுவது என்று கேட்டால்தான் முழிப்போம். அந்தப் பவுசர் இல்லாத சபைகள் பக்கத்துச் சபையோடு மாரிக்கு முன்பே எழுத்தில் உடன்பட்டிருக்க வேண்டும். பாடசாலையை மட்டும் நம்பியிருப்பதும் நல்லதல்ல. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது. பல்தேவைக் கட்டடம், கோயில் மண்டபம், பள்ளிவாசல் என்று இரண்டாம் தெரிவும் தாளில் இருக்கட்டும்.

கிணறுகளைப் பற்றி ஒரு சொல். வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, பிறகே குடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பின் ஒரு லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பி.எச்.ஐ.யிடம் அதை அளக்கும் கருவி இருக்கும். எத்தனை கிணறு, எவ்வளவு தூள், யார் இறங்கிப் போடுவது என்பதற்கு ஆட்கள் சபையிலிருந்து போகலாம். கடல்நீர் புகுந்த கிணறு வேறு கதை. அதை மறுபடி மறுபடி இறைத்தால் மணலுக்கடியில் மெல்லிய படையாக நிற்கும் நன்னீரும் குலைந்து, உப்பு இன்னும் மேலே ஏறும். சுனாமிக்குப் பிறகு நமது கரையோரம் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

தகவலும் தீர்மானமும்

அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று என்று சந்தேகித்தாலே வைத்தியர் ஹெல்த் 544 என்ற படிவத்தில் எம்.ஓ.எச்.க்கு அறிவிக்க வேண்டும், ஆய்வுகூட உறுதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கொலரா போன்றவற்றுக்குத் தொலைபேசியிலேயே சொல்ல வேண்டும். பி.எச்.ஐ. வீடு தேடிப் போய் விசாரிப்பார். வாராந்த அறிக்கை பிராந்தியத்துக்கும் கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவுக்கும் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தகவல் முதல் ஏணியில் மேலே ஏறுகிறதே தவிர, பக்கத்தில் இருக்கும் சபைக்கு வருவதில்லை. எந்த வட்டாரத்தில் எத்தனை டெங்கு என்ற எண்ணிக்கையை மட்டும், பெயர் இல்லாமல், வாரம் ஒரு முறை சபைச் செயலாளருக்கு எம்.ஓ.எச். பணிமனை சொன்னால் குப்பை வண்டி எங்கே முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தகவல் கிடைத்தும் தீர்மானம் எடுக்க ஆளில்லாத நேரங்கள் உண்டு. வெள்ளம் பாயும் வீதியை யார் மூடுவது? 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் மத்ரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகள் உயிரிழந்தார்கள். எந்த வீதியில் தண்ணீர் எந்த அடையாளத்தைத் தாண்டினால் தடை போடுவது, தடையோடு யார் நிற்பது என்பது மழையில் நனைந்துகொண்டு பேசுகிற விஷயமல்ல. முகாமுக்கும் அதே முறை பொருந்தும். உதாரணத்துக்கு, ஒரே நாளில் மூன்று பேருக்கு வயிற்றோட்டம் என்றால் முகாமுக்குப் பொறுப்பானவர் உடனே பி.எச்.ஐ.யை அழைப்பார், அன்றே தண்ணீர் சோதிக்கப்படும் என்று எழுதி வைக்கலாம். எண் இரண்டா மூன்றா என்பதை எம்.ஓ.எச். சொல்லட்டும். எண் ஒன்று இருக்க வேண்டும்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்தத் தாள்கள் எதுவும் வேலை செய்யாது. கொரோனாவால் இறந்தவர்களை, அடக்கம் செய்யும் வழக்கமுள்ள முஸ்லிம்களையும்கூட, எரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை, உலக சுகாதார நிறுவனமும் அடக்கத்தை மறுக்கவில்லை. அந்தப் பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்களும் பரிசோதனையைத் தவிர்த்தவர்களும் இருந்தார்கள். மறைத்த காய்ச்சல் வீட்டோடு நிற்காது. பிறகு 2021 மார்ச்சில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாசாக்கள், அதாவது இறந்தவர்களின் உடல்கள், அடக்கத்துக்காக ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தபோது, குழி தோண்டுவதிலிருந்து ஒழுங்கு செய்வதுவரை தோள் கொடுத்தது உள்ளூர்ப் பிரதேச சபை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிருவாக சபையினரும் மாதர் சங்கத்தவரும் திட்டம் எழுதும் மேசையிலேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எழுதி முடித்துவிட்டு ஒலிபெருக்கியில் வாசிக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவது போதாது. அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பரவலான நம்பிக்கையும் பிழை. பயத்தில் அவசரமாகப் புதைத்தால் யார் யார் என்று அடையாளம் காண முடியாமல் போகும். அம்பாறையில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்த சுனாமியின் பின்னும் பெரிய கொள்ளைநோய் எதுவும் இங்கே வரவில்லை.

டிசம்பரும் ஜனவரியும்

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல். சபைகளின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. நமக்கு வெள்ளம் வருவது நவம்பர் முதல் ஜனவரி வரை. மழை உச்சத்தில் நிற்கும்போது அந்த வருடத்து எரிபொருள், மேலதிக நேர ஒதுக்கீடுகள் அடிமட்டத்தில் இருக்கும், புது வருடத்து ஒதுக்கீடு இன்னும் கைக்கு வந்திராது. ஆகவே வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும்போதே கடைசி இரண்டு மாதத்துக்கென்று ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும். குளோரின் தூள், பவுசர் வாடகை, பெக்கோ வாடகை ஆகியவற்றுக்கு விலைமனுவை ஓகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்து, அழைத்தால் வருவார் என்ற உடன்பாட்டோடு வழங்குநரை வைத்திருக்கலாம். அவசரத்தில் வாங்கியதற்கு ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வு கேள்வி வரும் என்ற பயத்தில் கைகட்டி நிற்கும் செயலாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் காப்பாக நிற்கக்கூடியது முன்கூட்டியே நிறைவேற்றிய சபைத் தீர்மானம்தான்.

அதே ஜனவரியில்தான் பல உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றமும் வருகிறது. தொலைபேசிப் பட்டியலில் பாதி இலக்கம் வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். தாளில் ஆளின் பெயரோடு பதவியையும், அலுவலக இலக்கத்தையும், பதில் ஆளையும் எழுத வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸின் 1990 ஆகிய இரண்டும் மாறாதவை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகள், 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே இரண்டு மாரியைக் கடந்தன. அப்போது முன்னாள் தவிசாளரின் தலைக்குள் மட்டும் இருந்த ஏற்பாடுகள் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டன. கோப்பில் இருந்தவை இருந்தன.